பவர் பாப் பிரியர்கள் இணையத்தில் எங்கே தேடலாம்?

மார்த்தாண்டம்_மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மாவட்டத்தில் ராக், மெட்டல் கேட்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். குழித்துறையிலிருந்து நாகர்கோவில் வரை பேண்டு வைத்து வாசிக்கிற பையன்களையும் தெரியும். ஆனால் பவர் பாப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. மூன்று நிமிடப் பாட்டு, கணீரென்ற கிட்டார், ஒரே தடவையில் மனதில் உட்கார்ந்துகொள்ளும் மெட்டு, அதற்குமேல் இரண்டு மூன்று குரல் சேர்ந்து ஏறும் கோரஸ். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, இதையே ஆழமாகக் கேட்க வேண்டும்.

பேட்ஃபிங்கர், ராஸ்ப்பெரீஸ், பிக் ஸ்டார், சீப் டிரிக், நேக் என்ற ஐந்து குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஆப் திரும்பத் திரும்ப இதே ஐந்து குழுக்களின் பாட்டையே கொண்டுவந்து நீட்டுகிறது. கடையில் போய் இசைத்தட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வசதி நமக்கு இங்கே கிடையாது. இணையத்தில் எங்கே படிப்பது, எங்கே கேட்பது, எங்கே வாங்குவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

தக்கலை_டேப்ரிக்கார்டர் எழுதியது:

தம்பி, கொள்ளாம். இப்படி ஒரு இழை நம்ம பக்கத்திலிருந்து வந்ததே பெரிய சந்தோஷம்.

நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆப் போட்டுத் தருகிற பட்டியலை விடு, ஆட்களின் பெயரைப் பிடி. முன்பு கேசட் அட்டையை மடித்து மடித்து, யார் வாசித்தது, யார் தயாரித்தது என்று படிப்போம். இன்றைக்கு அந்த அட்டை டிஸ்காக்ஸ் தளத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தளம். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கீழே அதில் உழைத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு பெயரை அழுத்தினால் அந்த ஆள் வேறு எந்தத் தட்டிலெல்லாம் இருக்கிறார் என்று வந்துவிடும். காசு எதுவும் கேட்பதில்லை.

எப்படிப் போவது என்று ஒரு தடம் காட்டுகிறேன். போஸீஸ் என்ற சியாட்டில் பக்கத்துக் குழு. 1993இல் வந்த 'ஃப்ராஸ்டிங் ஆன் த பீட்டர்' ஆல்பத்தை எடு. பாடுகிறவர்கள் ஜான் ஆயர், கென் ஸ்ட்ரிங்ஃபெல்லோ. ஆயர் பெயரை அழுத்து. அதே 1993 ஏப்ரலில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் மறுபடி கூடி வாசித்த கச்சேரியின் தட்டு வரும். பிக் ஸ்டாரின் அலெக்ஸ் சில்ட்டன், ஜோடி ஸ்டீபன்ஸ் இருவரோடும் மேடையில் நின்றவர்கள் இந்தப் போஸீஸ் பையன்கள்தான். அங்கிருந்து ஸ்டீபன்ஸைப் பிடித்தால் மெம்பிஸ் நகரத்து ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்குப் போகலாம். ஆர்டென்டிலிருந்து 1970களின் மெம்பிஸ் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். எந்த ஆப்பும் உன்னை இப்படிக் கூட்டிக்கொண்டு போகாது.

இன்னொன்று. ஜெல்லிஃபிஷ் குழு இரண்டே ஸ்டூடியோ ஆல்பம்தான் போட்டது, 1990இல் ஒன்று, 1993இல் ஒன்று. ஆனால் அந்தப் பெயர்களைப் பிடித்துப் போனால் வழி முடிவதே இல்லை. டிரம் வாசித்துக்கொண்டே முன்னால் நின்று பாடிய ஆண்டி ஸ்டர்மர், பிறகு ஜப்பானில் பஃபி என்ற இரு பெண்கள் குழுவுக்குப் பாட்டு எழுதினார். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'டீன் டைட்டன்ஸ்' பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள். அதன் தொடக்கப் பாட்டு ஸ்டர்மர் எழுதியது, பாடியது பஃபி. முதல் ஆல்பத்தில் கிட்டார் வாசித்த ஜேசன் ஃபாக்னர் விலகிப் போய், இரண்டாவது ஆல்பத்துக்குக் கை கொடுத்த ஜான் பிரையனோடு சேர்ந்து கிரேஸ் என்ற குழுவில் 1994இல் ஒரு ஆல்பம் போட்டார். அதைத் தேடிக் கேள்.

குளச்சல்_கரை எழுதியது:

அண்ணே, மாற்றுக் கருத்து ஒன்று. டிஸ்காக்ஸ் நல்ல தளம்தான், ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அது காடு. பெயர் பெயராக வரும், எது நல்லது என்று சொல்லாது. முதலில் நல்ல தொகுப்புகளைக் கேட்கச் சொல்லுங்கள். ரைனோ நிறுவனம் 1997இல் 'பாப்டோப்பியா' என்று மூன்று சிடி போட்டது. எழுபதுகளுக்கு ஒன்று, எண்பதுகளுக்கு ஒன்று, தொண்ணூறுகளுக்கு ஒன்று. சிடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. டிஸ்காக்ஸில் பாட்டு வரிசையைப் பார்த்து நாமே யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ அதே வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த வரிசை அது, கேட்கும்போதே அந்த வித்தியாசம் தெரியும்.

சிகாகோவின் நியூமரோ குரூப் போட்ட தொகுப்புகளையும் விடாதே. உள்ளூரில் நூறு இருநூறு பிரதி அடித்துவிட்டு மறைந்துபோன குழுக்களைத் தேடிப்பிடித்து, முறையாக உரிமை வாங்கி, அவர்களின் கதையையும் எழுதிப் போடுகிறார்கள்.

தக்கலை_டேப்ரிக்கார்டர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் குளச்சல். தொகுப்பில் ஆரம்பித்து, பிடித்த பெயரைப் பிடித்துக்கொண்டு டிஸ்காக்ஸில் இறங்குவதுதான் சரியான வரிசை.

முட்டம்_அலைவரிசை எழுதியது:

ரேடியோவை யாரும் சொல்லவில்லையே! அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் டபிள்யூ.எஃப்.எம்.யூ நிலையம் விளம்பரம் வாங்காமல் நேயர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. எந்தப் பாட்டைப் போடுவது என்று நிகழ்ச்சி நடத்துபவர்தான் முடிவு செய்வார். அவர்களின் தளத்தில் பழைய நிகழ்ச்சிகள் பல வருஷத்துக்குச் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பாட்டின் பெயர், குழு, ஆல்பம் எல்லாம் எழுதியிருக்கும். உனக்குப் பிடித்த ஒரு குழுவின் பெயரைப் போட்டுத் தேடு. அந்தக் குழுவைப் போட்டவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன போட்டார் என்று பார். அங்கேதான் புதையல். ஆப்புக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்.

நேரடியாகக் கேட்கவும் நமக்கு வசதி உண்டு. அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் கோடையில் நமக்குக் காலை ஆறரை. அவர்களின் ராத்திரி நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே நாம் கட்டன் சாயா குடிக்கலாம்.

கோட்டாறு_டீச்சர் எழுதியது:

நான் சர்ச் குவயரில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவள், பிள்ளைகளுக்குப் பார்ட்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த இசையை நான் விரும்புவதற்குக் காரணமே குரல்கள்தான். பாமாலையை நான்கு குரலில் பாடிப் பழகிய நம்ம ஊர்க்காரர்களுக்குப் பவர் பாப் கோரஸ் கேட்டதும் ஒரு உறவு தோன்றும். மேல்குரல் எங்கே போகிறது, நடுக்குரல் எங்கே நிற்கிறது என்று காது தானாகப் பிரித்துப் பார்க்கும். இங்கே இந்த இசைக்கு ஆள் இல்லை என்று தம்பி வருத்தப்பட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. கேரல் ரவுண்ட்ஸ் போகிற எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்கத் தயாரான காது உள்ளவர்கள்தான், நாம்தான் போட்டுக் காட்டவில்லை.

அதனால் நான் சொல்லும் இடங்கள் பாடிப் பழக உதவுகிறவை. சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. நிலையம் ஸ்டூடியோவில் குழுக்களை வாசிக்கவைத்து யூடியூபில் வீடியோவாகப் போடுகிறது. ஒலிப்பதிவு மிகத் தெளிவாக இருக்கும், கேமராவும் பாடுகிறவர்களின் முகத்தை நெருக்கமாகக் காட்டும். லெமன் ட்விக்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சியைப் போட்டு, எந்த வரியில் யாருடைய வாய் திறக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் தடவை மெட்டைப் பாடுகிறவரை மட்டும், அடுத்த தடவை மற்றவரை மட்டும். ஆல்பத்தில் ஒன்றாகக் குழைந்து கேட்கிற ஹார்மனி அங்கே தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நிற்கும்.

பழைய பாட்டுகளுக்கு வீடியோ இருக்காது. அதற்கு ஒலியைப் பிரிக்கும் மென்பொருள் இருக்கிறது. டீசர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டர் என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது. இப்போது மொய்சஸ் மாதிரி ஆப்களும் வந்துவிட்டன. குரலைத் தனியாகவும் கிட்டார், பேஸ், டிரம்ஸைத் தனியாகவும் பிரித்துத் தரும். பிரித்த குரலை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் நடுக்குரல் பிடிபடும். ஹெட்ஃபோன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் நடுக்குரல் தொலைந்துபோகும்.

மார்த்தாண்டம்_மாடி எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. இதை நான் யோசிக்கவே இல்லை. எங்க சர்ச்சிலும் டெனர் பாடுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள், இந்த வாரமே போட்டுக் காட்டுகிறேன்.

இன்னொரு கேள்வி. பாட்டைக் கேட்பதோடு அந்தக் காலத்தைப் பற்றியும் படிக்க ஆசை. பிக் ஸ்டாரின் பாட்டு இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் அன்றைக்கு விற்கவில்லை? இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?

தக்கலை_டேப்ரிக்கார்டர் எழுதியது:

இதற்கு நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதலில் டிரவுசர் பிரஸ். 1974இல் நியூயார்க்கில் ரசிகர்கள் தொடங்கிய பத்திரிகை, 1984 வரை வந்தது. பிறகு அதே ஆட்கள் தட்டு விமர்சனங்களைத் தொகுத்துப் பெரிய வழிகாட்டிப் புத்தகங்கள் போட்டார்கள். அந்த விமர்சனங்களை அவர்களின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரு குழுவின் எல்லா ஆல்பத்தையும் ஒரே கட்டுரையில் வரிசையாக அலசியிருப்பார்கள். எது தேறும், எது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் எழுத்து.

அடுத்தது வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி. பில்போர்டு, கேஷ் பாக்ஸ், ரெக்கார்டு வேர்ல்டு என்று பழைய வணிகப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். தேடும்போது குழுவின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடு, இல்லாவிட்டால் 'பிக்' என்று வருகிற எல்லாமே வந்து குவியும். பக்கம் திறந்ததும் விமர்சனத்தை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடாதே. அந்த வாரம் எந்தத் தட்டுக்கு முழுப்பக்க விளம்பரம், எந்த ஊர் ரேடியோ எதைச் சேர்த்தது என்ற சின்ன எழுத்துப் பத்திகளையும் பார். ஒரு பாட்டு எப்படி ஓடியது, எங்கே நின்றது என்பது அதில்தான் இருக்கிறது.

இனி உன் கேள்வி. பிக் ஸ்டாரின் முதல் ஆல்பம் 1972இல் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டிய பொறுப்பு ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டாக்ஸின் பலம் சோல் இசையில். ராக் தட்டை ராக் கடைகளில் சேர்க்கும் வலை அவர்களிடம் இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவனுக்குத் தட்டு கிடைக்கவில்லை. விநியோகம் கொலம்பியா கைக்குப் போனபிறகும் நிலைமை தேறவில்லை. 1974இல் வந்த இரண்டாவது ஆல்பமும் அதே சுவரில்தான் மோதியது. ஸ்டாக்ஸே 1975 இறுதியில் மூடப்பட்டது. மூன்றாவது ஆல்பம் 1974இல் பதிவானது, வெளியே வந்ததோ 1978இல். குழுவைத் தொடங்கிய கிறிஸ் பெல் அதே 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார், வயது 27. அவருடைய தனிப் பாட்டுகள் ஆல்பமாக வந்தது 1992இல்தான். பாட்டில் எந்தக் குறையும் இல்லை தம்பி, லாரி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு நீ மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறாய். அன்றைக்கு மெம்பிஸிலேயே பல பேருக்கு அது கிடைக்கவில்லை.

கடைசியாக வேபேக் மெஷின். இந்த இசைக்கென்றே தபாலில் சிடி விற்ற நாட் லேம் என்ற அமெரிக்கக் கடை 2010இல் மூடப்பட்டது. ஒவ்வொரு சிடிக்கும் விளக்கம் எழுதி விற்றவர்கள். இந்த மாதிரி மறைந்துபோன தளங்களின் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டால் பழைய பக்கங்களைப் படிக்க முடியும். படங்கள் பல வராது, எழுத்து வரும், நமக்கு எழுத்துதான் வேண்டும்.

குலசேகரம்_ரப்பர் எழுதியது:

படிப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

இன்றைக்கு இருக்கும் பவர் பாப் குழுக்களில் பெரும்பாலோர் பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் தளத்தில் இருக்கிறார்கள். வாங்கினால் எம்பி3, ஃப்ளாக் என்று வேண்டிய வடிவில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்க தோட்டத்துப் பக்கம் மழை பிடித்தால் நெட் போய்விடும், அதனால் இறக்கி வைத்த பாட்டுதான் எனக்குக் கைகொடுக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அவர்கள் அறிவிக்கும் நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் ஆரம்பித்த வழக்கம். அந்த வெள்ளி அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி கணக்கு. நமக்கு வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கி சனி மதியம் பன்னிரண்டரை வரை. அங்கே குளிர்கால நேரம் என்றால் ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்கவும். வெள்ளி காலையிலேயே அவசரப்பட்டு வாங்கினால் அந்தச் சலுகை பாடுகிறவருக்குப் போய்ச் சேராது.

கார்டு பற்றி ஒரு வார்த்தை. 2020 அக்டோபருக்குப் பிறகு நம்ம நாட்டில் தருகிற கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அடைத்தே இருக்கும். ரிசர்வ் வங்கி விதி. வங்கி ஆப்பில் போய் நாமே திறக்க வேண்டும். எனக்குப் பணம் போகவே இல்லை, கிளையில் கேட்டதற்கு ஆளாளுக்கு ஒன்று சொல்லி அலையவிட்டார்கள். வாங்கும்போது திறந்து, சின்ன வரம்பு வைத்து, முடிந்ததும் அடைத்துவிடுவது நல்லது. தட்டாக வரவழைப்பது பற்றி யோசிக்கிறவர்கள் தபால் செலவையும் சுங்கவரியையும் முதலில் பாருங்கள், தட்டின் விலையைத் தாண்டிவிடும்.

வடசேரி_வாசி எழுதியது:

எதற்கு இவ்வளவு? பழைய தட்டுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள இலவசத் தளங்கள் இருக்கின்றன. கடையிலேயே கிடைக்காத தட்டைக் காசு கொடுத்து எங்கே போய் வாங்குவது?

கோட்டாறு_டீச்சர் எழுதியது:

தம்பி, அந்த வழி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேட்ஃபிங்கரின் கதையைப் படித்துப் பாருங்கள். 'விதவுட் யூ' பாட்டை எழுதியவர்கள் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். பாடகர் நில்சன் பாடியபோது அது உலகமெங்கும் போனது. எழுதியவர்களோ பணமும் வழக்கும் நெரித்த காலத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், ஹாம் 1975இல், எவன்ஸ் 1983இல். எழுதினவர் கைக்குக் காசு சேராதது இந்த இசையின் வரலாறு முழுக்க இருக்கிறது. நாமும் அதில் சேரக் கூடாது.

குளச்சல்_கரை எழுதியது:

கிடைக்காத தட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மறுபதிப்பு போடும் நிறுவனங்களைப் பாருங்கள். ஆம்னிவோர், நியூமரோ, இங்கிலாந்தின் செரி ரெட். போஸீஸ் ஆல்பங்களை ஆம்னிவோர்தான் 2018இல் மறுபடி கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் அவர்கள் மாஸ்டர் டேப்பைத் தேடிப் போகிறார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய குழுக்களின் பெயரில் பிற்காலத்தில் யாரோ ஒரு உறுப்பினர் மட்டும் மறுபடி பாடிப் பதிவுசெய்தவையும் கலந்து கிடக்கின்றன. அட்டை மொட்டையாக, ஆண்டு பிந்தியதாக இருந்தால் டிஸ்காக்ஸில் முதல் பதிப்பின் பாட்டு நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நொடி வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

வடசேரி_வாசி எழுதியது:

சரி டீச்சர், புரிகிறது. ஆம்னிவோர் பட்டியலைப் பார்க்கிறேன்.

முட்டம்_அலைவரிசை எழுதியது:

எல்லாரும் பழையதையே பேசுகிறீர்கள். இந்த இசை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நியூசிலாந்தின் பெத்ஸ், 2018இல் முதல் ஆல்பம் போட்டார்கள். பிலடெல்பியாவின் செகண்டு கிரேடு, 2020இல் ஒரே ஆல்பத்தில் 24 குட்டிப் பாட்டுகள். லெமன் ட்விக்ஸ், 2023இல் ஒன்று, 2024இல் ஒன்று. இவர்களைக் கண்டுபிடிக்க ரேட் யுவர் மியூசிக் தளம் உதவும். இசை வகையில் பவர் பாப், பக்கத்தில் ஆண்டு என்று போட்டால் அந்த வருஷத்து ஆல்பங்கள் மதிப்பெண் வரிசையில் வரும். நாட்டையும் சேர்த்துப் போடலாம். ஜப்பான், ஸ்பெயின், ஸ்வீடன் என்று போட்டுப் பாருங்கள், இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றும். மேலே உள்ள பத்து ஆல்பங்களோடு நிற்காமல் இரண்டாம் மூன்றாம் பக்கம் வரை போகவும். புது வரவுகளுக்கு பவர்பாப்பஹாலிக் என்ற விமர்சனத் தளமும் உண்டு. சின்னச் சின்னக் குழுக்களையும் கேட்டு எழுதுகிறார்கள்.

இன்டர்நேஷனல் பாப் ஓவர்த்ரோ என்றொரு விழாவும் இருக்கிறது. 1998இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது, லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலும் நடத்துகிறார்கள். அதில் வாசிக்கும் குழுக்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயரையும் பேண்ட்கேம்பில் தேடினாலே பல மாதத்துக்குக் கேட்கப் பாட்டு கிடைக்கும்.

மார்த்தாண்டம்_மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 'பாப்டோப்பியா' எழுபதுகள் வரிசையை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு பன்னிரண்டு கம்பி கிட்டார் வாங்கியிருக்கிறேன். கார்ட்ஸ் எங்கே பார்ப்பது? கம்பி வேறு அடிக்கடி அறுந்துபோகிறது.

குலசேகரம்_ரப்பர் எழுதியது:

கார்ட்ஸுக்கு அல்டிமேட் கிட்டார் தளம் இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் போடுவது என்பதால் ஒரே பாட்டுக்கு நான்கைந்து விதமாக இருக்கும். நேரடி மேடை வீடியோவில் வாசிக்கிறவரின் இடது கையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்.

அறுந்துபோவது மூன்றாவது ஜோடியின் சின்னக் கம்பிதானே? அது ஒரு ஆக்டேவ் மேலே நிற்பதால் பன்னிரண்டிலும் மிக மெல்லிய கம்பி, எல்லாருக்கும் முதலில் போவது அதுதான். மொத்தக் கிட்டாரையும் ஒரு முழு சுரம் இறக்கி டியூன் செய்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வாசி. சத்தம் அதே சுருதியில் கேட்கும், கம்பிக்கு இழுவை குறையும். அந்த ஒரு கம்பியை மட்டும் தனியாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள், முழு செட் வாங்க வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடு. நம்ம பக்கத்து ஈரக்காற்றில் வெளியே தொங்கவிட்டால் துரு பிடித்துவிடும்.

முட்டம்_அலைவரிசை எழுதியது:

கடலோரத்தில் இருக்கிற எனக்கு அந்தத் துரு நன்றாகவே தெரியும். மேல்பூச்சு போட்ட கம்பி என்று கேட்டு வாங்கு, விலை கொஞ்சம் கூடும், ஆனால் தாங்கும்.